மூடுபனி ஊரில் முட்டை ஏன் காய்கிறது?

ஜூலையில் நுவரெலியாப் பக்கம் வகுப்பறைச் சுவரே வியர்த்துக் கிடக்கும். கொடியில் போட்ட சீருடை மூன்று நாளானாலும் காயாது. அப்படிப்பட்ட ஊரில் காடை முட்டையைப் பொரிக்க வைக்கும் ஆசிரியருக்கு வரும் பெரிய தொல்லை வறட்சி என்றால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். வெளியே 15 பாகை செல்சியஸ் குளிர், சாரீரப்பதன் (காற்றால் தாங்க முடிந்த நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று முட்டையைச் சூடாக வைத்து அடைகாக்கும் பெட்டிக்குள் போய் 37.5 பாகைக்குச் சூடாகிறது. அதிலுள்ள நீராவி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் சூடான காற்றால் பல மடங்கு நீராவியைத் தாங்க முடியும் என்பதால், சாரீரப்பதன் ஏறத்தாழ 24 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. கொழும்பில் 28 பாகை, 80 சதவீதம் உள்ள காற்றை அதே சூட்டுக்குக் கொண்டுபோனால் 47 சதவீதம் அளவில் நிற்கும். காடை முட்டைக்கு முதல் இரண்டு வாரமும் வேண்டியது 45 முதல் 55 வரை. கொழும்புப் பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குள் ஒரு மூடி தண்ணீர் வைத்தாலே சமாளித்துவிடலாம். மலையில் அகலமான தட்டு வேண்டும். எவ்வளவு ஆழம் என்பது முக்கியமில்லை, நீரின் மேற்பரப்புத்தான் கணக்கு.

முட்டைக்கு இதில் என்ன கவலை? ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. ஒட்சிசன் உள்ளே போவதும், காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியே வருவதும் அவற்றின் வழியாகத்தான். பொரிப்பதற்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம்வரை நீரை இழக்க வேண்டும். இழந்த இடத்தில் மொட்டைப் பக்கம் காற்றறை பெரிதாகிறது. குஞ்சின் முதல் மூச்சு அந்த அறைக் காற்றுத்தான். நீர் போதிய அளவு போகாவிட்டால் அறை சிறிதாகிக் குஞ்சு திணறும். அளவுக்கு மேல் போனால் உட்சவ்வு தோல்போல இறுகிக் குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

உயரமும் தன் பங்குக்குச் சேர்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று ஐதாக இருந்தால் நீராவி மூலக்கூறுகள் துளை வழியே கால்வாசி கூடுதல் வேகத்தில் வெளியேறும். ஒட்சிசனுக்கும் இதே விதிதான்: அது குறைவாக இருந்தாலும் சுலபமாக நுழைவதால் நட்டத்தில் ஒரு பகுதி ஈடாகிறது. நீருக்கு அந்தச் சமாதானமும் இல்லை. உயரமான இடத்தில் வாழும் கோழிகள் இடும் முட்டை ஓட்டின் வழியே நீராவி அவ்வளவாக வெளியேறுவதில்லை என்று ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். கீழ்நாட்டுப் பண்ணையிலிருந்து பஸ்ஸில் ஏறிவந்த காடை முட்டைக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

அதனால் ஈரப்பதன் மானியைவிடத் தராசை நம்புங்கள் என்பேன். ஒரு காடை முட்டை ஏறக்குறைய 10 கிராம். 24 முட்டையைத் தட்டோடு நிறுத்து, தட்டின் எடையைக் கழித்தால் 240 கிராம் வரும். பதினைந்து நாளில் 29 கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம். தரம் 7 பிள்ளைகள் வரைபுத்தாளில் இந்தக் கோட்டைப் போட்டுவிடுவார்கள். கோடு வேகமாகச் சரிந்தால் இன்னொரு தட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். குளிருக்குப் பயந்து பெட்டியின் காற்றுத் துளைகளை அடைக்க மட்டும் கூடாது. ஐதான காற்றில் மூச்சுவிடும் முளையத்துக்கு (முட்டைக்குள் வளரும் கருவுக்கு) அந்தத் துளைகள் கட்டாயம் வேண்டும்.

கடையில் வாங்கும் முட்டை பெரும்பாலும் கருக்கட்டாதது. சேவலோடு வளர்த்த பண்ணை முட்டைதான் வேண்டும். ஹட்டன் பாதை வளைவுகளில் குலுங்கி வந்ததைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு அடை வையுங்கள். ஜப்பானியக் காடைக்கு 17, 18 நாள் ஆகும். திங்கள் காலை வைத்தால் மூன்றாம் வாரம் வியாழன் அல்லது வெள்ளி, பிள்ளைகள் முன்னாலேயே பொரிக்கும். நாளுக்குக் குறைந்தது மூன்று தடவை முட்டையைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் முளையம் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். சனி, ஞாயிறில் யார் வந்து புரட்டுவது என்பதை முதல் நாளே பேசி முடிவுசெய்யுங்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம்; கம்பளியால் மூடினால் ஓரிரு மணிநேரம் தாங்கும்.

பதினைந்தாம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதனை 65, 70க்கு ஏற்றி, பெட்டியை மூடிவிட வேண்டும். இங்கேதான் சுவையான கட்டம். குஞ்சு முதலில் காற்றறைச் சவ்வைக் குத்தி நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. காதை வைத்தால் 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். 1960களில் பிரித்தானிய ஆய்வாளர் மார்கரெட் வின்ஸ், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காடை முட்டைகள் இந்தச் சத்தத்தால் பேசிவைத்ததுபோல ஒரே நேரத்தில் பொரிப்பதைக் காட்டினார். பின்தங்கிய குஞ்சு பக்கத்து முட்டையின் டிக் ஒலி கேட்டு அவசரப்படுகிறது! முட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கினால் இந்தப் பேச்சு நின்றுவிடும்.

அப்புறம் அலகு நுனியிலுள்ள சிறு முட்டைப்பல் ஓட்டை உடைக்கும். குஞ்சு மெல்லச் சுழன்றபடி மொட்டைப் பக்கத்தைச் சுற்றி வெட்டிவரும். கடைசியில் கால்களை உதைத்ததும் மேல்பகுதி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு திறக்கும். ஈரமாக, கழுத்து நிற்காமல் விழுவது பெருவிரல் அளவுகூட இருக்காது. உடனே திறந்து எடுக்கச் சொல்லி வகுப்பே கெஞ்சும். திறக்காதீர்கள். வெளியேறும் ஈரத்தால் மற்றக் குஞ்சுகளின் சவ்வு இறுகும். பொரிக்குமுன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு ஒரு நாளுக்குப் போதும், பட்டினி கிடக்காது.

வெளியே எடுத்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 பாகைக்குக் குறையாத சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைக்கலாம். ரெஜிபோம் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் மின்குமிழ் தொங்கவிட்டால் குஞ்சே தனக்குப் பிடித்த இடத்தைத் தேடிக்கொள்ளும். விளக்கின் கீழ் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. தரையில் பத்திரிகைத் தாள் போட்டால் வழுக்கிக் கால் விரிந்துபோகும். சொரசொரப்பான துணி நல்லது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பாவிட்டால் அரைச் சாண் தண்ணீர்கூட வேண்டாம், விரலளவிலேயே மூழ்கிவிடும். தீனி இறைச்சிக்கோழிக் குஞ்சுத் தீனியையே நன்றாகப் பொடித்துப் போடலாம். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் யாரையும் விடாதீர்கள், சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

மூன்றாம் வாரம் நெஞ்சில் செம்பழுப்பு ஏறினால் சேவல், புள்ளி விழுந்தால் பெட்டை. ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடும் வயசு வரும். ஆனால் அதற்கு நாளுக்கு 14 மணிநேர வெளிச்சம் வேண்டும், நம் ஊரிலோ பகல் ஆண்டு முழுக்க 12 மணிநேரத்தை ஒட்டியே. எனவே குஞ்சை லயத்துக்குக் கொண்டுபோகும் வீட்டார் மாலையில் இரண்டு மணிநேரம் கூடுதலாக ஒரு குமிழை எரியவிட வேண்டியிருக்கும்.