கூட்டம் எழும்பினால் கைதட்டாதீர்கள்

"அண்ணே, படகை ஒரு தடவ அந்தக் கூட்டத்துக்குள்ள விடச் சொல்லுங்க. எல்லாம் ஒண்ணா பறக்கும்ல, வீடியோ எடுத்துக்கிறோம்."

பர்மாவின் மோயுன்ஜி ஏரியில் படகு கிளம்பி அரைமணி ஆவதற்குள் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வழிகாட்டியாக வேலைக்கு வந்த புதிதில் நானே படகுக்காரரிடம் அப்படிச் சொல்லி ஓட்டவிட்டிருக்கிறேன். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் எழும். தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். அன்று படகில் வெளிநாட்டுப் பயணிகள்; கைதட்டினார்கள், இறங்கும்போது கையில் நல்ல தொகையும் கொடுத்தார்கள். வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னால் உட்கார்ந்திருந்த பர்மாக்காரப் படகுக்காரர், வயதானவர், கரைக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார். "அதுகள் இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தன."

அந்தப் பேச்சின் பொருள் எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. இந்த வாத்துகளில் பெரும்பாலானவை இரவில் மேய்பவை. பொழுது சாய்ந்ததும் ஏரியைச் சுற்றியுள்ள வயல்களுக்கும் சதுப்புக்கும் போய் இரை தேடிவிட்டு, விடியும்போது ஏரியின் நடுவே வந்து ஒடுங்கும். நாம் காலை ஏழு மணிக்குப் பார்க்கும் கூட்டம் இரவு வேலை முடித்து வந்த கூட்டம். ஊசிவால் வாத்து வட ஆசியாவிலிருந்து இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. வரும் வழியில் உடம்புக் கொழுப்பை எரித்துத் தீர்த்துவிட்டு வந்து, இங்கே மூன்று நான்கு மாதத்தில் மறுபடி சேர்க்கிறது. மாசி, பங்குனியில் திரும்பிப் போக அந்தக் கொழுப்புத்தான் பெட்ரோல். நாம் ஒரு வீடியோவுக்காக எழுப்பும்போது அந்தப் பெட்ரோலைக் கொட்டுகிறோம். ஒரு படகு ஒரு தடவை எழுப்பினால் பெரிய நட்டமில்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் படகு வந்து, ஒவ்வொன்றும் இரண்டு தடவை எழுப்பினால் அந்தப் பறவை எப்போது தூங்கும்?

2021-க்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் வருவது குறைந்துபோனது. இப்போது என் படகில் ஏறுவது ரங்கூன், பெகு, தட்டோன் பக்கத்து நம் குடும்பங்கள்தான். எனக்கு இது ஒருவகையில் சந்தோஷம். தமிழில் விளக்கிச் சொல்ல இத்தனை வருடம் ஆள் கிடைக்காமல் இருந்தேன். ஆனால் நம் ஆட்களுக்குப் பயணம் என்றால் பாட்டு வேண்டும், கூட்டம் வேண்டும், சாப்பாட்டு அடுக்கு வேண்டும். சாப்பாட்டு அடுக்கைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மோயுன்ஜி ரங்கூனிலிருந்து சுமார் எழுபது மைல். பெகுவைத் தாண்டி பியின்போன்ஜி ஊருக்கு அருகில். பிரிட்டிஷ்காரர்கள் 1878-இல் கட்டிய நீர்த்தேக்கம் இது. இன்று 10,359 ஹெக்டேர் பரப்புள்ள கானுயிர்க் காப்பிடம். ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரானின் ராம்சர் நகரத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பட்டியலில், பர்மாவிலிருந்து முதலில் இடம் பிடித்தது இந்த ஏரிதான், 2004-இல். அந்த உடன்படிக்கை கையெழுத்தான பிப்ரவரி 2-ஐத்தான் உலக ஈரநில நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாளை ஒட்டி விழா, போட்டி, படகுப் பயணம் எல்லாம் நடக்கும். நானும் அப்படிப்பட்ட விழாக்களில் வழிகாட்டியாகப் போயிருக்கிறேன்.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஏற்பாட்டாளர்கள் நல்ல மனசுக்காரர்கள், பெயர் வேண்டாம். குழந்தைகள் உற்சாகமாக இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு விசிலும் பலூனும் கொடுத்துவிட்டார்கள். முதல் படகில் ஸ்பீக்கர். அதற்குப் பின்னால் எட்டுப் படகு வரிசையாக. நாங்கள் போகப் போக எங்களுக்கு முன்னால் ஏரி காலியாகிக்கொண்டே போனது. ஒரு பையன் என்னிடம், "மாமா, பறவை விழான்னு சொன்னாங்க, பறவை எங்க?" என்று கேட்டான். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் விடிகாலையில் அதே இடத்துக்கு இரண்டே படகில், மோட்டாரை அணைத்து மூங்கில் கழியால் தள்ளிப் போனோம். முந்தைய நாள் பட்டியலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பார்த்தோம்.

சரி, எவ்வளவு தூரத்தில் நிற்பது? ஐம்பது கஜமா, நூறா என்று கேட்பார்கள். நான் கஜக்கணக்கு சொல்வதில்லை. பறவையே சொல்லும். மேய்கிற கூட்டத்தில் எல்லாத் தலையும் கீழே இருக்கும். நாம் நெருங்கும்போது முதலில் ஒரு தலை நிமிரும். அதுதான் கோடு. அந்த முதல் தலையைப் பார்த்தவுடன் கழியை ஊன்றி நிறுத்திவிட வேண்டும். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் அந்தத் தலை மறுபடி கீழே போகும். பறவை நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். தலை மேல் தலை நிமிர்ந்து, கூட்டம் மெல்ல நீந்தி விலகத் தொடங்கினால் ஏற்கனவே தப்பாகிவிட்டது. பின்வாங்குங்கள். ஆள்காட்டிக்கு நம் முன்னோர் வைத்த பெயரையே பாருங்களேன். ஆள் வருகிறான் என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கிற பறவை. குளிர்காலத்தில் இங்கே சாம்பல்தலை ஆள்காட்டி நிறைய வரும். அது கத்த ஆரம்பித்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை பறவையும் உஷாராகிவிடும். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறு வாய்க்காலில் போவதுதான் புத்தி.

இப்போது பைனாகுலர். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நெருங்கிப் போகத் துடிக்கிறவர்களில் பாதிப்பேர் கருவியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர்கள். கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டி விற்றுவிடுகிறார். படகில் உட்கார்ந்து பார்ப்பதற்கு 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். இருபது மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் இருபது மடங்கு ஆகும்; பறவைக்குப் பதில் ஆடுகிற வானம்தான் தெரியும். கண்ணாடி போட்டவர்கள் கண்பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும், போடாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் "எனக்குக் கறுப்பு வட்டம்தான் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். இன்னொன்று, வலக்கண் பக்கம் ஒரு சின்னத் திருகு வளையம் இருக்கும். முதலில் வலப்பக்கக் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, நடுத் திருகால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி அந்தச் சின்ன வளையத்தைத் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். ஒரு தடவை செய்தால் போதும். அதன் பிறகு பறவையை வெறுங்கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கருவிக்குள் போய்ப் பறவையைத் தேடக் கூடாது.

போன தை மாதம் தட்டோனிலிருந்து ஓர் ஆத்தா வந்திருந்தார், எழுபது வயதுக்கு மேல். பேரன் கருவியைக் கொடுத்துவிட்டு, "தெரியுதா ஆத்தா, தெரியுதா ஆத்தா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். வளையத்தை இறக்கித் திருகைச் சரிசெய்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏன்டா, இது வாயை மூடவே மாட்டேங்குது?" என்றார். நத்தைகுத்தி நாரை! வளர்ந்த நாரைக்கு இரண்டு அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்துச் சதையை உருவி எடுப்பதற்குத் தோதான அலகு அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். "எங்க வயலுல நாத்தைக் கடிக்கிற நத்தையை இதுதானே பொறுக்கும்" என்றார் ஆத்தா. அன்று அந்தப் படகில் நான் சொன்னதைவிட அவர் சொன்னதுதான் அதிகம்.

படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். நீளவால் இலைக்கோழியைக் கேட்பார்கள். நான் காட்டினால், "வால் எங்கே?" என்பார்கள். அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்துக்கானது. குளிர்காலத்தில் அது உதிர்ந்து, நீள வாலில்லாத பழுப்புப் பறவையாக இலைமேல் நடந்துகொண்டிருக்கும். நீலச்சிறகியும் இப்படித்தான். கார்த்திகையில் வந்து இறங்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் எளிதில் வித்தியாசம் தெரியாது. குளிர்காலம் போகப் போகத்தான் ஆணின் கண்ணுக்குமேல் அந்த வெள்ளைப் பட்டை எடுப்பாக வரும். பளபளப்பு வேண்டுமென்றால் நீலத் தாழைக்கோழியைப் பாருங்கள், அது எல்லா மாதமும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோலத்தான் இருக்கும்.

குரலை செல்போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இப்போது புதிய பழக்கம். வேண்டாம். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது ஓடி வருகிறது. பாட்டுக் கேட்க வரவில்லை.

கரண்டிமூக்கு உள்ளானைக் காட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிட்டுக்குருவி அளவு, முப்பது கிராம் எடைதான் இருக்கும். அலகின் நுனி கரண்டிபோல விரிந்திருக்கும். ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, சீனக் கடற்கரை வழியாகச் சுமார் 8,000 கிலோமீட்டர் பறந்து வருகிறது. உலகத்தில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான். அதில் பெரும்பங்கு குளிர்காலத்தைக் கழிப்பது நம் மொத்தமா (மார்த்தபான்) வளைகுடாவின் சேற்றுப் பரப்பில். அந்த வளைகுடா 2017-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நான் அங்கே குடும்பங்களைக் கூட்டிப் போவதில்லை. ஓதம் ஏறும்போது தண்ணீர் சுவர்போல வரும், சேறு காலை விடாது. அந்தக் கரையில் பிறந்த மீனவர்களே கணக்குப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

அந்தப் பறவை குறைந்ததில் வலைக்கும் பங்கு உண்டு. மீன்பாடு குறைந்த காலத்தில் பெரிய உள்ளான்களைத் தின்பதற்காகக் கரையோரத்தில் வலை கட்டினார்கள். அதில் இந்தச் சின்னதும் மாட்டியது. வலை கட்டியவர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழிசெய்து கொடுத்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. ஏழை மீனவனைத் திட்டுவது சுலபம். வாங்கித் தின்பவர்களும் இருந்ததால்தானே வலை கட்டினார்கள். வழியில் எங்காவது பொரித்த குருவி விற்றால் என் வண்டி நிற்காது. இதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுவேன்.

பகோடா வாசலில் கூண்டுக் குருவியைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடும் வழக்கத்தையும் நம்மில் பலர் பிடித்துக்கொண்டோம். புண்ணியம் என்ற எண்ணம்தான், தப்பான எண்ணமில்லை. ஆனால் நீங்கள் விடுவதற்காகவே அதைப் பிடித்து வருகிறார்கள். கூண்டு நெரிசலில் செத்தவை வாசலுக்கு வருவதில்லை. அந்தக் காசில் அரிசி வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாமே என்று என் மனைவி சொல்வாள்.

எங்கள் தாத்தா சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். அந்தப் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அங்கே தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சட்டம் போட்டு நிறுத்தியதில்லை, ஊர் கூடி எடுத்த முடிவு. விருந்தாளி வீட்டில் தூங்கும்போது நாம் சத்தமாகப் பேசுவோமா என்ன? இதைப் படகில் சொன்னால் பெரியவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஸ்பீக்கர் தானாகப் பைக்குள் போய்விடும்.

ஜனவரி மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987-இலிருந்து வருடாவருடம். நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள இது நல்ல வேலை. ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின்மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். பெரிய கூட்டமென்றால் நூறு நூறாக. ஆத்தாவின் பேரன் இதை அரைமணியில் கற்றுக்கொண்டான். அவன் 640 என்றான், நான் 700 என்றேன், ஆத்தா, "பேசாம இருங்கடா, அது தூங்குது" என்றார். நோட்டில் அவன் கணக்கையே எழுதினேன்.

வருகிற மார்கழிக்கு இரண்டு படகு மட்டும்தான் போகும், ஒன்றுக்கு ஆறு பேர். ரங்கூனிலிருந்து அதிகாலை மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு முதல்நாள் பாதை நிலவரம் கேட்டு உறுதிசெய்துகொள்வேன். ஏரியில் பனி இறங்கும், வயதானவர்களுக்குச் சால்வை அவசியம். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கலான நிறம் போதும். படகில் மூன்று மணி நேரம் கழிப்பிடம் கிடையாது, அதைக் கணக்கில் வைத்துத் தேநீர் குடியுங்கள். புளிச்சோறு கொண்டு வந்தால் வழிகாட்டிக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.