பெரட்டில் பதில் சொல்லாத பெயர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறேன். ஈப்போ பக்கத்து அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகள் எங்களிடம் வந்து சேரும். பெரும்பாலும் 2008, 2009 வாக்கில் செய்யப்பட்டவை. துடைத்து, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தால் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுதும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகளாவது உழைக்கும்.

சென்ற ஆண்டு ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “சார், பொத்தானை அழுத்திவிட்டுப் போய் தே ஓ கலக்கிக் குடித்துவிட்டு வந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கிறது” என்றாள். அவளுடைய அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். கடையில் காட்டியிருக்கிறார். பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தப் பதிலில்தான் வருத்தம். பழைய இயந்திரம் எல்லா வேலையையும் மெதுவாகச் செய்யும். இது திரை வந்த பிறகு நன்றாகவே ஓடியது. தொடக்கத்தில் மட்டும் எங்கேயோ நின்றுவிட்டுக் கிளம்பியது. வேகக் குறைவு வேறு, காத்திருத்தல் வேறு.

கணினி எழும்போது உள்ளே நடப்பதைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்வது எளிது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முந்தைய பெயர் கூப்பிடுதலுக்கு, ஆட்கள் வந்து நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பதில் வந்தால் அவருக்கு ஒரு நிரை மரங்கள், அடுத்தவருக்கு அடுத்த நிரை. கணினியில் முதலில் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல் விழிக்கிறது. அது கிரப் என்ற தொடக்க நிரலை எழுப்ப, கிரப் லினக்ஸின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல்தான் நம் கிராணி. வட்டு, விசைப்பலகை, வைஃபை, வரைகலைச் சில்லு என்று ஒவ்வொன்றுக்கும் உரிய இயக்கி என்ற நிரலை அழைத்து அந்தந்தப் பாகத்தைப் பேச வைக்கிறது. அதன்பின் சிஸ்டம்டி என்ற நிரல் வந்து பின்னணியில் ஓடும் சேவைகளைத் தொடங்கி, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரையைக் காட்டுகிறது.

இயக்கி பாகத்தோடு பேசும் முறை எளிமையானது. சில்லுக்குள் இருக்கும் பதிவகம் என்ற சிறு நினைவிடத்தில் கட்டளை எழுதும். வேலை முடிந்ததற்கான அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல நிலையில் இருக்கும் சில்லு மில்லி வினாடிகளில் பதில் தந்துவிடும். தராவிட்டால்? இயக்கியை எழுதியவர் அதற்கு ஒரு கெடு வைத்திருப்பார். கெடு தீரும்வரை இயக்கி காத்திருக்கும். தீர்ந்ததும் பதிவேட்டில் ஒரு பிழை வரி எழுதிவிட்டு மேலே போகும்.

இங்கேதான் நல்ல தடயம் கிடைக்கிறது. உண்மையான வேலை 3.7 வினாடி, 1.26 வினாடி என்று கோணல்மாணலான நேரம்தான் எடுக்கும். மனிதர் வைத்த கெடு முழு எண்ணாக இருக்கும். என்விடியா சில்லுகளுக்கான நூவோ இயக்கி பல இடங்களில் 2 வினாடி காத்திருக்கும். திரையில் ஒரு படம் மாறி அடுத்தது வந்ததா என்று கெர்னல் காத்திருக்கும் கெடு 10 வினாடி. சிஸ்டம்டி ஒரு சேவைக்கோ வட்டுக்கோ பொதுவாகத் தரும் கெடு 90 வினாடி. ஆகவே தொடக்கத்தில் 10, 20, 90 என்று முழுசாக ஓர் இடைவெளி தெரிந்தால், அங்கே யாரும் உழைக்கவில்லை, யாரோ பதிலுக்காக நிற்கிறார்கள்.

அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியும். சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை, கெர்னலுக்கு எவ்வளவு, சேவைகளுக்கு எவ்வளவு என்று நேரத்தைப் பங்கு பிரித்துக் காட்டும். மாணவியின் கணினியில் கெர்னலுக்கு மட்டும் 36 வினாடி ஆகியிருந்தது. பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். அதே கட்டளையோடு பிளேம் என்ற சொல்லைச் சேர்த்து, நீளமான சேவைப் பட்டியலை வரவழைத்து, மேலே இருப்பதையெல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். அச்சிடும் சேவை போகும், புளூடூத் போகும், தாமதம் மட்டும் அப்படியே இருக்கும். சேவைகள் பிறப்பதற்கு முன்பே கெர்னலுக்குள் போன நேரம் அந்தப் பட்டியலில் வராது.

கெர்னலின் சொந்தப் பதிவேட்டை டிமெசெக் என்ற கட்டளை காட்டும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் கெர்னல் விழித்ததிலிருந்து எத்தனையாவது வினாடி என்று ஆறு தசம இடம் வரை எழுதியிருக்கும். செய்தி புரிய வேண்டும் என்றுகூட இல்லை. எண்களை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனால் போதும். அன்று அந்தப் பெண்ணையே படிக்கச் சொன்னேன். 3.9 வரை வரிகள் நெருக்கமாக வந்தன. அடுத்த வரி 14.2. அதற்கடுத்து 24.4. பிறகு 34.7. “பத்துப் பத்தாகத் தாண்டுகிறது சார்” என்று அவளே சொன்னாள். மூன்று வரிகளும் வரைகலைப் பகுதியிலிருந்து வந்தவை. மூன்றும் ஒரே புகார்: ஃபிளிப் டன் டைம்டு அவுட். படம் மாறிவிட்டது என்ற பதிலை எதிர்பார்த்து, அது வராமலே கெடு தீர்ந்திருக்கிறது.

எந்தத் திரைக்குக் காத்திருந்தது? லினக்ஸ் தனக்குத் தெரிந்த திரை வாயில்களைச் சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்ற இடத்தில் கோப்புகளாக வைத்திருக்கும். அங்கே மூன்று பெயர்கள் இருந்தன. எல்விடிஎஸ்-1 என்பது மடிக்கணினியின் சொந்தத் திரை. விஜிஏ-1 பக்கவாட்டு வாயில். மூன்றாவது எஸ்வீடியோ-1. பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் படம் அனுப்பும் சிறிய வட்டமான வாயில் அது. கணினியைத் தலைகீழாகத் திருப்பித் தேடினோம். அப்படி ஒரு துளையே இல்லை.

அந்தக் காலத்து வரைகலைச் சில்லுகள் பலவற்றுக்குள் தொலைக்காட்சிக்கான சுற்று கூடவே இருந்தது. மடிக்கணினியைக் கட்டியவர்கள் வெளியே வாயில் வைக்காமல் விட்டுவிடுவதுண்டு. இயக்கிக்கு அது தெரியாது. சில்லில் வசதி இருப்பதைப் பார்த்து, தொலைக்காட்சி செருகியிருக்கிறது என்று தவறாக முடிவு செய்து, அதற்குப் படம் அனுப்பப் பார்க்கிறது. ஊரைவிட்டுப் போய்விட்டவரின் பெயர் பதிவேட்டில் அடிக்கப்படாமல் இருக்கிறது. கிராணி தினமும் அவரைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறார். களத்தில் நிற்கும் மற்றவர்களும் சேர்ந்து காத்திருக்கிறார்கள்.

தீர்வு, பெயரை அடித்துவிடுவதுதான். கிரப் பட்டியல் தெரியும்போது ‘ஈ’ விசையை அழுத்தினால் கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் வீடியோ=எஸ்வீடியோ-1:டி என்று சேர்த்தோம். ‘டி’ என்றால் இந்த வாயிலை விட்டுவிடு என்று பொருள். எஃப்10 அழுத்தினால் அந்த ஒருமுறைக்கு மட்டும் அது செல்லும். தவறாகிப்போனால் அணைத்துப் போட்டால் பழைய நிலை. அதனால்தான் எதையும் முதலில் இங்கே சோதித்துப் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கெர்னல் நேரம் 5 வினாடிக்குள் வந்தது. பிறகுதான் கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்த வரியை எழுதி, அப்டேட்-கிரப் கொடுத்து நிலைப்படுத்தினோம்.

இரண்டு வரைகலைச் சில்லு உள்ள மடிக்கணினிகளின் கதை வேறு. மையச் செயலிக்குள் சிக்கனமான ஒன்று, தனியாக வலுவான ஒன்று. மின்சாரம் மிச்சமாக, வலுவானதை முழுவதும் அணைத்து வைப்பார்கள். அந்த ஆழ்ந்த உறக்கத்துக்கு டி3கோல்டு என்று பெயர். எழுப்பும் கட்டளை தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் வழியாகப் போகவேண்டும். அங்கே கோளாறு இருந்தால் சில்லு எழாது. அப்போது இயக்கி எந்தப் பதிவகத்தைப் படித்தாலும் எல்லா இடத்திலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே வரும். அது சில்லு சொன்ன பதிலன்று. கம்பியின் மறுமுனையில் ஆளில்லை என்பதன் அடையாளம். பதிவேட்டில் நான்கு ஒன்றுகளை ‘எஃப்’ என்ற ஒரே எழுத்தாகச் சுருக்கி எழுதுவார்கள்; அது வரிசையாக எட்டு முறை தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நூவோ இயக்கியானால் அதே கட்டளை வரியில் நூவோ.ரன்பிஎம்=0 என்று கொடுத்து, உறங்கவே விடாமல் செய்யலாம். மின்கலம் சீக்கிரம் தீரும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நூவோவைக் குறை சொல்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன். சில்லின் முழு ஆவணம் கையில் இல்லாமல், அதிகாரபூர்வ இயக்கி எந்தப் பதிவகத்தில் என்ன எழுதுகிறது என்று கவனித்துக் கவனித்துத் தன்னார்வலர்கள் கட்டிய இயக்கி அது. 2010-இல் 2.6.33 கெர்னலோடு சேர்ந்தது. 2014-இல் வந்த என்விடியாவின் மேக்ஸ்வெல் சில்லுகளின் இரண்டாம் அணியிலிருந்து, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் சில்லு முழுதாக இயங்காது என்ற பூட்டும் சேர்ந்துகொண்டது. அவ்வளவையும் தாண்டி அது திரையில் படம் காட்டுவது பெரிய காரியம்.

கெர்னல் கட்டளை வரியில் நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். திரை வரும், உண்மைதான். ஆனால் அது வரைகலை இயக்கியையே ஒதுக்கிவிடும். படம் வரையும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழும். காணொளி திக்கும், விசிறி இரையும். கோளாறு வரைகலையில்தானா என்று உறுதிசெய்ய ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நிரந்தரமாக வைத்தால், புதிது வாங்குங்கள் என்ற அதே இடத்தில்தான் போய் நிற்போம்.

அந்த மாணவி இப்போது சனிக்கிழமைகளில் வந்து எனக்கு உதவுகிறாள். போன மாதம் வந்த ஒரு கணினி ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டுத்தான் திரையைக் காட்டியது. நான் வரைகலைப் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் எண்ணைப் பார்த்தாள். “சார், இது தொண்ணூறு. பத்து இல்லை” என்று, தொடக்கத்தில் இணைக்கவேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தாள். எப்போதோ கழற்றி எடுத்துவிட்ட இரண்டாவது வட்டில் நினைவகத்துக்குத் துணையாக ஒதுக்கியிருந்த ஸ்வாப் பகுதியின் பெயர் அதில் இன்னும் இருந்தது.