நாலு விரல் கடலும் ஒரு கொண்டை ஊசி வளைவும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு அந்தமான் போயிருக்கிறார்கள். ஹேவ்லாக் என்று நாம் சொல்லிப் பழகிய சுவராஜ் தீவிலிருந்து படகில் எலிஃபன்ட் பீச், அங்கே ஸ்நார்க்கெலிங், அதாவது முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கடலுக்குள் பார்ப்பது. லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தவரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர் என்பதால், கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றி, கடல் சாமந்திக்குள் ஒளிந்திருந்த கோமாளி மீனைப் பார்க்கத் தலைகீழாக உள்ளே போயிருக்கிறார்.

"ஆள் உயரம்கூடப் போயிருக்க மாட்டேன் சார். இடது காதில் ஊசியால் குத்தின மாதிரி ஒரு வலி. மேலே வந்துவிட்டேன். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது, காதுக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரியே இருக்கிறது. அத்தை நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார்கள். மாதம் இரண்டு தடவை ஏற்காடு போய் வருகிறவள் நான். அங்கே காது அடைத்தால் எச்சில் விழுங்கினதும் சரியாகிவிடும். அவ்வளவு பெரிய மலைக்கு அசையாத காது, ஐந்தடித் தண்ணீருக்கு எப்படி இப்படி ஆனது?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன். வந்த விடை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 980 மில்லிபார், ஏற்காட்டில் 845. வித்தியாசம் 135 மில்லிபார். ஏற்காடு ஏரிக்கரையில் காலி தண்ணீர் பாட்டிலை இறுக மூடிப் பையில் வைத்துப் பாருங்கள், அடிவாரம் வருவதற்குள் விலா ஒட்டிப்போயிருக்கும். உள்ளே இருப்பது மலைக் காற்று, வெளியே இருப்பது சேலத்துக் காற்று.

இப்போது கடல். நீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு முழு வளிமண்டல அழுத்தம், அதாவது சுமார் 1,000 மில்லிபார், கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்றைவிடத் தண்ணீர் அவ்வளவு கனம். அப்படியானால் 135 மில்லிபாருக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? 1.34 மீட்டர். நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு!

ஏற்காட்டு மலைப்பாதை முழுவதும், அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளும், உங்கள் நெஞ்சு உயரத் தண்ணீருக்குள் அடங்கிவிடுகின்றன. 1.34 மீட்டரை 20 பங்காக வைத்தால் ஒரு வளைவுக்கு 7 சென்டிமீட்டர். கையை நீட்டி நாலு விரலைச் சேர்த்துப் பாருங்கள். அந்த அகலம்தான் ஒரு வளைவு. பேருந்து முக்கால் மணி நேரம் உறுமிக்கொண்டு இறங்குகிற தூரத்தை, தலைகீழாகப் பாய்ந்த வாசகி மூன்றே நொடியில் கடந்திருக்கிறார்.

உடம்பின் மற்ற பாகங்களுக்கு ஏன் வலிக்கவில்லை என்றால், சதையும் ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான், அமுக்கினாலும் சுருங்காது. காற்று அடைபட்ட இடங்கள்தான் பாடுபடும். முகமூடிக்குள் இருக்கும் காற்றும் அப்படியே. அதனால்தான் ஸ்நார்க்கெலிங் முகமூடி மூக்கையும் சேர்த்து மூடுகிறது. மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை அதற்குள் ஊதி ஈடுகட்டலாம். நீச்சல் கண்ணாடியில் அது முடியாது, அதை மாட்டிக்கொண்டு ஆழம் போகாதீர்கள். சரி, காதுக்கு வருவோம்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்று ஒரு சின்ன அறை. ஒரு மில்லிலிட்டர் அளவுதான், உள்ளே காற்று. செவிப்பறையின் பரப்பு சுமார் 60 சதுர மில்லிமீட்டர், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நாலரை அடி ஆழத்தில் அந்தச் சவ்வின் மேல் கூடுதலாக உட்காரும் பாரம் கிட்டத்தட்ட 80 கிராம். செவ்வாய்ப்பேட்டையில் வாங்குகிற ஒரு ஜோடி கனத்த கொலுசை அதன் மேல் தொங்கவிட்டது போல. உள்ளேயும் அதே அளவு அழுத்தம் வந்தால்தான் சவ்வு நிமிரும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பக்கத் தொண்டைக்கு இறங்கும் யூஸ்டேஷியன் குழல். 16ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கியின் பெயர்தான் அதற்கு.

மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் குழலைப் போல ஒரு நேர்த்தியான பொருளை நான் பார்த்ததில்லை. காதுப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு எலும்பு, எப்போதும் திறந்தே இருக்கும். தொண்டைப் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு குருத்தெலும்பும் மென்சதையும். அந்தப் பகுதி சும்மா இருக்கும்போது மூடியே கிடக்கும், ஈரமான பிளாஸ்டிக் பையின் வாய் ஒட்டிக்கொண்டிருப்பது போல. மூடியிருப்பதும் நல்லதுக்குத்தான். திறந்தே இருந்தால் நம் குரலும் மூச்சும் நம் காதுக்குள்ளேயே முழங்கும், தொண்டையில் இருக்கும் கிருமிகள் நேராக மேலே ஏறும். நாம் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ மேலண்ணத்தோடு சேர்ந்த ஒரு சிறு தசை குழலின் சுவரைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வாய் திறக்கிறது, காற்று ஓடுகிறது, மூடிக்கொள்கிறது. காதுக்குள் கேட்கிற அந்த 'டிக்' இதுதான். தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை.

இதைவிட அழகான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் குழல் இரண்டு திசைக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பழைய சைக்கிள் சக்கரத்தின் வால்டியூப்பைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு சின்ன ரப்பர் உறை. பம்பு அடித்தால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், டியூபில் இருக்கும் காற்று திரும்பி வரப் பார்த்தால் அதே ரப்பரை அழுத்தி வழியை அடைத்துக்கொள்ளும். காதுக் குழலின் மென்மையான பகுதியும் அப்படித்தான். நடுச்செவியில் அழுத்தம் அதிகமானால், சுமார் 20 மில்லிபார் வித்தியாசத்திலேயே காற்று தானாகப் பிதுக்கிக்கொண்டு தொண்டைக்கு இறங்கிவிடும். எச்சிலே விழுங்காமல் ஏற்காடு ஏறினால்கூட, சுமார் மூன்று வளைவுக்கு ஒருமுறை காது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

இறங்கும்போது எல்லாம் தலைகீழ். இப்போது வெளியழுத்தம் அதிகம். அது குழலின் மென்சதையைச் சுற்றி நின்று அமுக்குகிறது. தள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்றே கதவைச் சாத்துகிறது. தசை இழுத்தால்தான் திறக்கும். அந்தத் தசைக்கும் ஓர் எல்லை உண்டு. வித்தியாசம் சுமார் 120 மில்லிபாரைத் தொட்டுவிட்டால் அதனால் குழலைத் திறக்கவே முடியாது. பூட்டிக்கொள்ளும்.

120 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? ஏற்காட்டு மலைப்பாதையின் மொத்த வித்தியாசம் 135. ஒருவர் உச்சியில் உட்கார்ந்து ஒரு முறைகூட விழுங்காமல் கீழே வந்தால், அடிவாரத்துக்குச் சற்று முன் அவர் காது பூட்டிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் யாராலும் அப்படி இருக்க முடியாது, பேசுவோம், சிரிப்போம், ஆரஞ்சு மிட்டாய் சப்புவோம். ஆனால் சளி பிடித்து உள்சவ்வு வீங்கியவர்களுக்குத் தசை இழுத்தும் குழல் திறக்காது. ஏற்காட்டில் நன்றாக இருந்துவிட்டு, கோரிமேடு வந்ததும் காதைப் பிடித்துக்கொள்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

வாசகிக்கு நடந்ததும் இதுதான். மூச்சை அடக்கியிருந்ததால் விழுங்கவில்லை. மூன்று நொடியில் நாலடி தாண்டியாயிற்று, குழல் பூட்டிக்கொண்டது. தலைகீழாக இருந்ததால் அந்தப் பகுதியில் ரத்தம் தேங்கிக் குழல் இன்னும் குறுகியிருக்கும்.

அப்படியானால் பன்னிரண்டு நாளாகக் காதுக்குள் நிற்கும் தண்ணீர் எது? அது அந்தமான் கடல் இல்லை. செவிப்பறை கிழியாதவரை வெளித்தண்ணீர் ஒரு சொட்டுகூட நடுச்செவிக்குப் போக முடியாது. உள்ளே அழுத்தம் குறைந்த அறைக்குக் காற்று வரவில்லை என்றால், அந்தக் குறையை உடம்பே ஈடுகட்டுகிறது. நடுச்செவியின் உள்சவ்வு வீங்கி, ரத்தக் குழாய்களிலிருந்து நீரும் சில சமயம் ரத்தமுமே கசிந்து அறையை நிரப்புகிறது. தன் உடம்பு சுரந்த நீரைத்தான் அவர் கடல்நீர் என்று நினைத்துக் காதைச் சாய்த்துக் குதித்துக்கொண்டிருக்கிறார். மெல்ல மெல்ல அது உறிஞ்சப்படும், குழல் வழியாக வடியும். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

இங்கே எண்ணெயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அத்தையின் அக்கறை புரிகிறது, என் பாட்டியும் எனக்கு விட்டிருக்கிறார். ஆனால் செவிப்பறை முழுசாக இருந்தால் எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும், நோய் அந்தப் பக்கம் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் நேராக நடுச்செவிக்குள் போய்க் கிருமிக்கு இடம் கொடுக்கும். சூடு அதிகமானால் வெந்தும் போகும். எந்த வழியிலும் பயன் இல்லாத ஒன்றை, தலைமுறை தலைமுறையாகச் செய்தோம் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளின் காதில் ஊற்றுவது எனக்குப் பெரிய வேதனை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு சின்ன விளக்கு வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். வாசகி, தயவுசெய்து இன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

ஒரு நாள் சுற்றுலா போன நமக்கே இப்படி என்றால், தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிக்கிறவர்களையும், பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்க மூழ்கும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் எத்தனை ஏற்காடு ஏறி இறங்குகிறார்கள்! 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்பும் மத்ஸ்யா 6000 கலத்தைச் சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி வருகிறது. எனக்கு அதில் பெருமைதான், அந்தப் பணம் வீண் என்று சொல்லவே மாட்டேன். அதில் ஒரு சிறு துளியை இந்தப் பெண்களின் காதுகளைப் பரிசோதிக்கவும் ஆராயவும் ஒதுக்கினால் என்ன? அவர்கள் நம்மைவிட அதிகமாகக் கடலை அறிந்தவர்கள், செவித்திறனை அதற்கு விலையாகக் கொடுக்கக் கூடாது.

காது முழுசாகக் குணமாகி, மருத்துவரும் சரி என்ற பிறகு மறுபடி கடலுக்குப் போவதாக இருந்தால், தலையைக் கவிழ்ப்பதற்கு முன்பே, நீர்மட்டத்திலேயே ஒருமுறை காதைத் திறந்துவிட வேண்டும். மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூக்குக்குள் ஊதுவது ஒரு முறை. அந்தோனியோ வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவரின் பெயரால் 300 ஆண்டுகளாக வழங்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டே விழுங்குவது இன்னொன்று. அப்புறம் ஒவ்வொரு இரண்டடிக்கும் செய்ய வேண்டும், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. திறக்கவில்லை என்றால் பலமாக ஊதாதீர்கள். பூட்டிய குழல் இன்னும் இறுகும், உட்செவியே காயப்படலாம். இரண்டடி மேலே வந்தால் போதும், அழுத்தம் குறைந்து தசை மறுபடி வேலை செய்யும்.

இதைப் பழகக் கடல் வேண்டியதில்லை. சளி இல்லாத ஒரு நாளில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். ஒவ்வொரு வளைவிலும் மூக்கைப் பிடித்து ஒருமுறை விழுங்குங்கள். இருபது 'டிக்' கேட்டால் நாலரை அடி ஆழம் போய்விட்டீர்கள் என்று கணக்கு.