கடைசி எபிசோடுக்கு அழும் பிள்ளையிடம் என்ன பேசுவது?

ஜனவரி இரண்டாவது வாரம். பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண்ணை அவளுடைய அம்மா ஆலோசனைக்காக என்னிடம் அழைத்து வந்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை, இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் யார் யாருடனோ வாக்குவாதம், கேட்டால் அழுகை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) என்ன காரணம் என்று கேட்டபோது அம்மா தயங்கினார். "சொன்னா நம்ப மாட்டீங்க மிஸ். ஏதோ ஒரு நாடகம் முடிஞ்சுபோச்சாம். அதுக்குத்தான் இவ்வளவும்."

நான் நம்பினேன். அந்த மாதம் இதே காரணத்தோடு வந்த மூன்றாவது பிள்ளை அவள்.

அந்த நாடகம் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடர். 2016 ஜூலையில் தொடங்கியது. ஐந்து சீசன். கடைசி எபிசோட் சிங்கப்பூரில் 2026 புத்தாண்டு காலை 9 மணிக்கு வந்தது, ஏறக்குறைய ஒரு முழுப்படத்தின் நீளம். மறுநாளே பள்ளி திறந்தது. முதல் சீசனில் சைக்கிள் மிதித்துக்கொண்டு திரிந்த பொடியன்கள் கடைசியில் வளர்ந்த இளைஞர்கள். பார்த்த பிள்ளைகளும் கூடவே வளர்ந்துவிட்டார்கள். (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) கதையின் நாயகி எலெவன் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதை அடித்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சிலருக்கு அது அழகான முடிவு, சிலருக்குத் துரோகம். இன்னொரு எபிசோடை ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஜனவரி முதல் வாரத்தில் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தவர்களும் உண்டு. என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணும் அவர்களில் ஒருத்தி.

அவளிடம் முதலில் கதையைக் கேட்டேன். இருபது நிமிடம் விடாமல் சொன்னாள். பிறகு, "யாரோட பார்த்தம்மா?" என்று கேட்டேன். அங்கேதான் குரல் உடைந்தது.

அண்ணனோடு. 2020-இல் நோய்ப் பரவல் முறியடிப்புக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அம்மாவுக்குத் தெரியாமல் இரவில் ஒரே போர்வைக்குள் இருவரும் பார்க்கத் தொடங்கினார்கள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒருவர் இல்லாமல் மற்றவர் பார்க்கக்கூடாது என்பது சத்தியம். இந்த முறை அண்ணன் தொடக்கக் கல்லூரி முடித்துவிட்டான், ஜனவரி தொடக்கத்தில் தேசிய சேவை. ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகும் அவசரம், நண்பர்களோடு கடைசிச் சுற்றல். புத்தாண்டு அன்று அவன் பேருந்தில் வரும்போதே கைப்பேசியில் தனியாகப் பார்த்து முடித்துவிட்டான். அவள் வீட்டில் உட்கார்ந்து, கடைசி இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். இன்றுவரை அந்த இருபது நிமிடத்தைப் பார்க்கவில்லை. இரவெல்லாம் அவள் சண்டை போட்டது, தான் முழுசாகப் பார்க்காத ஒரு முடிவைப் பற்றி.

திரையில் தினம் பார்க்கும் முகத்தோடு நமக்கு ஒருதலையாக ஒரு நெருக்கம் உண்டாவதை 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். 'ஃபிரெண்ட்ஸ்' தொடர் 2004-இல் முடிந்தபோது ஏயல், கோஹன் இருவரும் அதன் ரசிகர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். பிடித்த பாத்திரத்தோடு நெருக்கம் எவ்வளவு ஆழமோ, பிரிவின் வலியும் அவ்வளவு. தனிமையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் கூடுதல். எனக்கு இந்தத் தனிமைதான் முக்கியமாகப் படுகிறது. தொடர் முடிந்தது என்று அழும் பிள்ளையிடம், அதோடு வேறு என்ன முடிந்தது என்று நான் கட்டாயம் கேட்பேன். பாட்டி இறந்த வருடம், நண்பன் வேறு பள்ளிக்கு மாறிய வருடம், அப்பா அம்மா பிரிந்த வருடம் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்கு உண்மையாகவே கதை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் மதிக்க வேண்டிய வருத்தம்.

அறிவியல் புனைகதைத் தொடர்களில் இந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ரசிகர்கள் அவற்றைப் புதிர் போல அவிழ்த்துக்கொண்டே பார்க்கிறார்கள், கணக்குக்கு விடை வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். விமான விபத்தில் ஒரு தீவில் சிக்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' 2010 மே 23 அன்று முடிந்தபோது, பெயர்கள் ஓடும் இடத்தில் கடற்கரையில் கிடந்த விமானச் சிதைவைக் காட்டினார்கள். பார்ப்பவர்கள் மெல்ல மனம் அடங்கட்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் சேர்த்த காட்சி அது. அதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் முதல் நாளே செத்துவிட்டார்கள் போல என்று ஏராளமானோர் நினைத்துக்கொண்டார்கள். கதை அப்படிச் சொல்லவே இல்லை. இன்றும் அதை நம்பிக் கோபப்படுபவர்களை நான் பார்க்கிறேன். கோபத்தில் இருக்கும் மனம் பார்த்ததை விட்டுவிட்டுப் பயந்ததைப் பிடித்துக்கொள்ளும்.

அம்மாவிடம் தனியாகப் பேசினேன். "வெறும் நாடகம்தானே" என்ற வார்த்தையை மட்டும் இந்த வாரம் சொல்லாதீர்கள் என்றேன். அந்த ஒரு வார்த்தை கதவைச் சாத்திவிடும், அப்புறம் பிள்ளை எதையும் சொல்லாது. அவர் தஞ்சாவூர்ப் பக்கம். 'மெட்டி ஒலி' 2005-இல் முடிந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். சட்டென்று கண் கலங்கியது. கல்யாணத்துக்கு முந்தைய வருடம், அப்பாயியோடு உட்கார்ந்து பார்த்ததாம். "அது முடிஞ்ச அடுத்த மாசம் நிச்சயம் மிஸ். அப்புறம் நான் இங்க வந்துட்டேன். அப்பாயிய மறுபடி பாக்கவே இல்ல." கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. இதையே மகளிடம் சொல்லுங்கள் என்றேன்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கோபம் எங்கே போய் விழுகிறது என்பது. முடிவைத் திட்டுவது வேறு, நடிகருக்கோ எழுதியவருக்கோ மிரட்டல் செய்தி அனுப்புவது வேறு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். சிங்கப்பூரில் 2014-இல் இயற்றப்பட்ட தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இணையத்தில் செய்யும் மிரட்டலுக்கும் பொருந்தும். கைப்பேசியைப் பிடுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அனுப்பியதைச் சேர்ந்து படித்துப் பாருங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில நாளில் வருத்தம் தணிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பாவிட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். 1771 தேசிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் 1767. பள்ளி ஆலோசகரிடமும் பேசலாம். "இதுக்குப் போயா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அண்ணன் முதல் முறை வீட்டுக்கு வந்த வார இறுதியில், அந்த இருபது நிமிடத்தை இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். மொட்டைத் தலையோடு வந்தவன், பார்த்து முடித்த பிறகு தனியாகப் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டானாம். அடுத்த சந்திப்பில் அவள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, முடிவு ஏன் தப்பு என்று நோட்டில் எழுதி வந்திருந்த ஏழு காரணங்களைப் படித்துக் காட்டினாள். நான்காவது காரணம் எனக்கும் சரி என்றே பட்டது, அதை அவளிடம் சொன்னேன். வெளியே அம்மா காத்திருந்தார், கையில் ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம். போகும் வழியில் பெருவிரைவு ரயிலில் சாப்பிடக் கூடாதே என்று, கீழே புளோக்கடியில் இருந்த கல் மேசையிலேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டதை மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.