நிறுவனம் ‘ஆள்’தான், ‘மனிதர்’ அன்று

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் அளித்த தீர்ப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம், ‘நிறுவனங்களும் மனிதர்களே என்று நீதிமன்றம் கூறிவிட்டது’ என்று நம்மவர்கள் எழுதிவிடுகிறார்கள். பேசுவது நிறுவனம் என்ற ஒரே காரணத்துக்காக அதன் தேர்தல் காலப் பேச்சுச் செலவைத் தடுக்கக் கூடாது என்றுதான் ஐவர் கூறினர், நால்வர் மறுத்தனர். அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முயன்றுகொண்டிருந்த மிட் ராம்னி அயோவா மாநிலத்தில் ‘நிறுவனங்கள் மக்களே’ என்றது, அவை ஈட்டும் பணம் மக்களையே சேர்கிறது என்ற வேறொரு பொருளில். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியது, ‘பெர்சன்’ என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு ‘மனிதர்’ என்ற மொழிபெயர்ப்பு.

‘பெர்சன்’ என்பதன் மூலமான இலத்தீன் ‘பெர்சனா’ நடிகரின் முகமூடியைக் குறித்தது. பிறகு வேடத்தையும், சட்டத்தின் முன் ஒருவர் பெறும் நிலையையும் குறிக்கலாயிற்று. 20,007 பங்குகளில் 20,001-ஐ வைத்திருந்த காலணி வணிகர் ஆரன் சாலமன் வேறு, அவருடைய நிறுவனம் வேறு என்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் அவை 1896-இல் தீர்ப்பளித்தது இந்த நிலையை வைத்துத்தான்.

இந்நிலை பெற்றதை ஆங்கிலத்தில் ‘லீகல் பெர்சன்’ என்பார்கள். இதற்குச் ‘சட்டப்பூர்வ நபர்’ என்று எழுதுவோர், மற்றவர்கள் சட்டவிரோத நபர்களா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். ‘நபர்’ அரபு வழி வந்தது என்பது எனக்கு இரண்டாவது குறைதான். ‘செயற்கை மனிதர்’ என்றால் வாசகர் மனத்தில் ரோபோ வந்து நிற்கும். எல்லாவற்றிலும் மோசமானது ‘சட்ட மனிதர்’. இந்துத் தெய்வ மூர்த்திக்கும் இந்நிலை உண்டென்று 1925-இல், பிரிட்டிஷ் இந்தியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்றதே, அந்த மூர்த்தியை மனிதர் என்று எழுதினால் பக்தரும் நாத்திகரும் சேர்ந்தல்லவா சிரிப்பார்கள்?

நமக்கு ‘ஆள்’ இருக்கிறது. ஆள்மாறாட்டம், ஆட்கொணர்வு மனு என்று நீதிமன்றத்தில் அது ஏற்கெனவே வேரூன்றிய சொல். ஆளுதல் என்பதற்கு உடைமையாகக் கொண்டு துய்த்தல் என்றும் பொருளுண்டு. கிரயப் பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்து’ என்று எழுதுகிறோமே, அந்த ஆளுகைதான். சொத்தை ஆளவும் வழக்காடவும் தகுதி பெற்றது என்பதைத் தவிரச் சட்டம் இங்கே வேறெதையும் சொல்லவில்லை.

கூலியாள், அடியாள் என்ற வழக்குகளால் ‘ஆள்’ மதிப்பிழந்த சொல் என்பார்கள். ஆளுநரை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ‘சட்ட ஆள்’ என்றால் வக்கீலின் ஆள்போல ஒலிக்கிறது என்ற குறையை மட்டும் ஏற்கிறேன். எனவே ‘சட்டநிலை ஆள்’ என்று எழுதலாம். அரசமைப்பின் 19-ஆம் உறுப்பு குடிமக்களுக்குத் தரும் உரிமைகளை அரசு வணிகக் கழகம் கோர முடியாது, அது குடிமகன் அன்று என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1963-இல் கூறியதையும் அச்சொல்லைக் கொண்டு குழப்பமின்றி எழுத முடியும்: கழகம் சட்டநிலை ஆள், ஆனால் குடிமகன் அன்று.