நைலான் 66: அறுபத்தாறு அல்ல, ஆறும் ஆறும்

வயர் கட்டும் கேபிள் டை பாக்கெட்டில் ‘நைலான் 66’ என்று போட்டிருக்கிறதே, அதற்கு முன் 65 நைலான்கள் வந்து போயினவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, அது ஆறு, ஆறு.

சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது பாலிமர். அதற்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் சுலபம். கோத்த மூலக்கூறின் பெயருக்கு முன்னால் ‘பாலி’ போட்டுவிடுவார்கள்: பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன். நைலானில் மட்டும் கார்பனை எண்ணுவார்கள். 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய நைலானுக்கு இரண்டு மூலப்பொருள்கள். இரு முனையிலும் அமீன் (நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) உள்ள ஹெக்ஸாமெத்திலீன் டைஅமீன். இரு முனையிலும் அமிலம் உள்ள அடிபிக் அமிலம். அமீன் முனை அமில முனையோடு சேர்ந்து சேர்ந்து சங்கிலி நீள்கிறது. இரண்டு பொருளிலும் ஆறாறு கார்பன். முதல் எண் அமீனுக்கு, அடுத்தது அமிலத்துக்கு.

அப்படியானால் வெறும் நைலான் 6? 1938-ல் ஜெர்மனியில் பால் ஷ்லாக், கேப்ரோலாக்டம் என்ற ஒரே பொருளிலிருந்து அதைச் செய்தார். ஆறு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம் அது. வளையத்தைத் திறந்தால் ஒரு முனை அமீன், மறுமுனை அமிலம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. இரண்டு நைலானிலும் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் விகிதம் அச்சு அசல் ஒன்றே. ஆனால் நைலான் 6 சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகும். 66 உருக 260-ஐத் தாண்ட வேண்டும். வித்தியாசம் அடுக்கில் இருக்கிறது. நைலான் 66 சங்கிலி ‘விகடகவி’ மாதிரி, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். நைலான் 6 அப்படியல்ல. அதற்குத் தலை உண்டு, வால் உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன: இதிலுள்ள என்-ஹெச் (நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்), அதிலுள்ள கார்பனைல் ஆக்சிஜனுக்கு (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள ஆக்சிஜன்) நேரே வர வேண்டும். 66-ல் பக்கத்துச் சங்கிலி எந்தத் திசையில் படுத்தாலும் எல்லா ஜோடியும் சேர்ந்துவிடும். நைலான் 6-ல் தலைமாடு கால்மாடாகப் படுத்தால்தான் முழுதாகச் சேரும். உருகுநிலை வேறுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

அடிபிக்குக்குப் பதில் பத்து கார்பன் உள்ள செபாசிக் அமிலத்தைப் போட்டால் நைலான் 6,10. செபாசிக் அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. நைலான் 11-க்கும் மூலம் ஆமணக்கெண்ணெய்தான். உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில். நாமோ பெரும்பகுதியை எண்ணெயாகவே கப்பலேற்றுகிறோம். பாலிமர் ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் ஆமணக்குப் பக்கமும் திரும்பினால் என்னவாம்?