மழைக்குக் காத்திருக்கும் முட்டைகள்

கொழும்பிலிருந்து மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் தபாலில் அனுப்பிய உறைக்குள் சிறிய பொலித்தீன் பை ஒன்று இருந்தது. பைக்குள் ஒரு பிடி ஈரத் தும்புத்தூள். மேலே ஒட்டியிருந்த துண்டில் மீனின் பெயர், முட்டை எடுத்த திகதி, நனைக்க வேண்டிய திகதி. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துப் பிரித்தபோது சூழ நின்ற பிள்ளைகள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "மீன் எங்கே?" உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துத் தேடினோம். தூளுக்கிடையே கடுகிலும் சிறிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள, தேன் நிற மணிகள் தென்பட்டன. அவைதாம் மீன்கள்.

கில்லி மீன் என்பது அவற்றின் பொதுப்பெயர். கொல்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிற்றோடைக்கு ஒல்லாந்தர் வழங்கும் 'கில்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினார்களே, அதே ஒல்லாந்தர்தான். இந்தக் கூட்டத்தின் உறவு நம் நாட்டிலும் உண்டு. வாய்க்காலிலும் குளத்தோரத்திலும் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் அந்தச் சிறு மீன் அப்லோகைலஸ் என்ற கில்லி இனம். ஆனால் அதன் முட்டையை ஈரத்தூளில் பொதிந்து மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. எனக்கு வந்தது சன்சிபார் தீவுக்கே உரிய நொத்தோபிராங்கியஸ் குந்தேரி. மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் பள்ளங்களில் வாழ்வது.

நீர் வற்றினால் மீன் என்ன செய்யும்? நம் பக்கத்து வில்லுகளை, அதாவது கோடையில் நீர் சுருங்கும் தாழ்நிலங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடை தெரியும். வைகாசி தொடங்கி நீர் சுருங்கச் சுருங்க, விராலும் பனையேறியும் வெளிக்காற்றையே சுவாசித்து, சேற்றுக்குள் ஒதுங்கியோ ஈரத்தரையில் ஊர்ந்தோ உயிரைப் பிடித்துக்கொள்கின்றன. நொத்தோபிராங்கியஸ் கண்ட விடை வேறு. பள்ளம் வற்றும்போது பெரிய மீன்கள் ஒன்று விடாமல் செத்துப்போகின்றன. கரிசல் மண்ணுக்குள் முட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அடுத்த மழையில் பிறக்கும் தலைமுறை தன் பெற்றோரை ஒருபோதும் காண்பதில்லை.

முட்டை அத்தனை மாதம் தாங்குவது எப்படி என்பதுதான் இந்த மீனின் பெரும் அதிசயம். கரு ஒரே மூச்சில் வளர்வதில்லை. மூன்று இடங்களில் நின்று உறங்கக்கூடியது. முதலாவது உறக்கம் மிகத் தொடக்கத்தில் வருகிறது. உடலாகத் திரளவேண்டிய உயிரணுக்கள் மஞ்சட்கருவின் மேல் தனித்தனியே சிதறிக் கிடக்கும் நிலை அது. இரண்டாவது, உடலின் அச்சு உருவாகி இதயமும் தோன்றிய பின் வருவது. நெடுங்காலம் நீள்வது இதுவே. மூன்றாவதில் கரு முழு மீனாகிவிட்டிருக்கும். பொன்வளையம் சூழ்ந்த கருங்கண்கள் ஓட்டுக்கு உள்ளிருந்தே நம்மைப் பார்க்கும். தண்ணீர் பட வேண்டியதுதான் பாக்கி. வெனிசுவெலாவில் வாழும் ஒஸ்திரோஃபுண்டுலஸ் என்ற உறவுமீனில் அளந்து பார்த்தபோது, இரண்டாம் உறக்கத்தில் உடலின் எரிசக்திச் செலவு ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்துவிடுவது தெரிந்தது. விளக்கை அணைக்காமல் திரியை மட்டும் இறக்கி வைப்பது போன்ற ஏற்பாடு.

ஆனால் என்னை மிகவும் ஈர்த்தது உறக்கம் அல்ல, உறக்கத்தின் ஒழுங்கின்மை. ஒரே தாய் ஒரே நாளில் இட்ட முட்டைகளில் சில உறங்காமலே வளர்கின்றன, சில ஒரு உறக்கத்தோடு எழுகின்றன, சில அடுத்த பருவம் வரைக்கும் கண் திறப்பதில்லை. இதன் பொருள் நம் வெள்ளாமைக்காரருக்கு உடனே விளங்கும். புரட்டாதியில் ஒரு மழை கொட்டுகிறது. அதை நம்பி மானாவாரியில் விதைக்கிறார்கள். பின் மூன்று கிழமை வெயில் எரிக்கிறது, முளைத்ததெல்லாம் கருகுகிறது. விதைநெல் முழுவதையும் அந்த மழைக்கே இறைத்துவிட்டவருக்கு மீட்சியில்லை. இந்த மீன் தன் விதைநெல்லில் ஒரு பங்கை எப்போதும் பெட்டகத்தில் வைத்திருக்கிறது.

வெப்பநிலையும் இதில் தலையிடுகிறது. அதே ஒஸ்திரோஃபுண்டுலஸின் முட்டைகள் 20 பாகை செல்சியசில் இரண்டாம் உறக்கத்துக்குள் போகின்றன. 30 பாகையில் அதைத் தாண்டி நேரே வளர்கின்றன. ஆகவே குளிர்நாட்டு வளர்ப்பாளர் துண்டில் எழுதும் திகதியை மட்டக்களப்பு வெக்கையில் அப்படியே நம்பக்கூடாது. குந்தேரிக்கு மூன்று மாதம் என்பது ஒரு கணக்கு மட்டுமே. நான் கிழமைக்கு ஒரு தடவை பையைத் திறந்து கண் தெரிகிறதா என்று பார்த்தேன். வெள்ளையாகிப் பூஞ்சணம் பிடித்த முட்டைகளை அப்போதே எடுத்து எறிந்தேன். தூளின் ஈரப்பதம் பிட்டுக்குப் பிசறிய மாப் போல இருக்க வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. மேலைநாடுகளில் இதற்குக் கரிச்சதுப்பு நிலத்துப் பாசித்தூளைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குத் தும்புத்தூளே போதும், உப்பும் சாயமும் போகப் பலமுறை அலசினால்.

பெரும்பாலான முட்டைகளில் கண் தெரிந்த நாளில் நனைத்தேன். முதற்தடவை கிணற்று நீரை எடுத்த சூட்டோடு ஊற்றியது பிழை. இரண்டாவது பொதிக்கு, மண்பானையில் ஆறவைத்த மழைநீரில் ஒரு பகுதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கலந்து 20 பாகையளவுக்குக் கொண்டுவந்தேன். ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் தூளைக் கொட்டி, மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் போகாமல் நீர் விட்டேன். நனைந்த தூளில் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சுகின்றன. ஒட்சிசன் குறைந்தது என்ற செய்தியே விழித்தெழும் மணி. கருவின் தலைப்பகுதிச் சுரப்பிகள் ஒரு நொதியத்தைக் கக்கி ஓட்டை உள்ளிருந்தே கரைக்க, வால் ஓர் உதறு உதறுகிறது. மீன் வெளியே வந்துவிடுகிறது. முதற்குஞ்சு வர இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆழம் குறைவாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. பிறந்த குஞ்சு மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கித் தன் காற்றுப்பையை நிரப்ப வேண்டும். முடியாத குஞ்சுகள் அடியில் வயிற்றை இழுத்துக்கொண்டு ஊர்கின்றன, கடைசிவரை நீந்துவதில்லை. முதற்பொதியில் அப்படிப் பாதிக்கு மேல் போயின. மிக முந்தியோ மிகப் பிந்தியோ நனைத்தால், கரு தளர்ந்திருந்தால் இது கூடுகிறது. அவை பெட்டியின் மூலையில் துடிப்பதைப் பார்ப்பது எளிதல்ல.

குஞ்சுகளுக்கு அன்றே பசி. லீற்றருக்கு 30 கிராம் அளவில் உப்புக் கலந்து, காற்றுக் குழாய் போட்டு, ஆர்ட்டீமியா முட்டைகளை ஒருநாள் முன்னதாகவே ஊறவிட வேண்டும். உப்பேரிக் கரைகளில் காய்ந்து கிடந்து ஆண்டுகள் கழித்தும் பொரிக்கும் சிறு கூனி வகை அது. உறங்கி விழித்த உயிருக்கு உணவாவதும் இன்னோர் உறங்கி விழித்த உயிர்தான். நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வயிறு செம்மஞ்சளாகத் தெரியும் வரை கொடுக்கலாம். மிஞ்சிய உணவு நீரைக் கெடுக்கும். தினமும் கொஞ்சம் நீர் மாற்றுங்கள். வளர்ந்த பின் நுளம்புக் குடம்பியை விரும்பித் தின்னும்.

வளரும் வேகம் நம்பமுடியாதது. மொசாம்பிக்கின் காட்டுப் பள்ளங்களில் வாழும் ஃபர்சேரி என்ற உறவினம் பொரித்து 14 நாட்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவது பதிவாகியிருக்கிறது. அந்த இனத்தின் சில பரம்பரைகள் ஆய்வுகூடத்தில் சில மாதங்களே வாழ்வதால், முதுமையை ஆராய்வோர் அதை நாடுகிறார்கள். 2015இல் அதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. என் குந்தேரி ஆண்கள் நான்காம் கிழமையில் சிவந்த வாலும் நீலப்பச்சைச் செதிலுமாக மாறின. பெண்கள் கடைசிவரை மங்கிய நிறந்தான்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். மிஞ்சிய குஞ்சுகளை வாவியிலோ குளத்திலோ விடாதீர்கள். 1952இல் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா இன்று எந்தக் குளத்தில் இல்லை? முட்டையை வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்க எண்ணுபவர்கள் முதலில் கடற்றொழில் திணைக்களத்தில் அனுமதி பற்றி விசாரிக்கட்டும்.

நனைத்த தூளை எறிந்துவிடவும் வேண்டாம். குஞ்சுகளைப் பிரித்தெடுத்ததும் வடித்துப் பிழிந்து, பழையபடி பிட்டுமாப் பதத்துக்குக் கொண்டுவந்து, பையில் கட்டித் திகதி எழுதி அலுமாரியில் வைத்தேன். ஆறு கிழமை கழித்து, கார்த்திகை மழை ஓட்டில் இரைந்த ஓர் இரவில் மறுபடி நனைத்தேன். விடிந்து பார்க்கும்போது பெட்டியில் பதினொரு குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. தூளில் இன்னும் சில முட்டைகள் கண் தெரியாமல் கிடக்கின்றன. பையைத் திரும்பக் கட்டிவிட்டேன்.